எனக்குப் பதிலாகத் தூங்கிய கோட்டு

ஐயர் சைக்கிள் டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தார். நான் எதிரே கைகட்டி நின்று பத்துக் கட்டளைகளை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பொம்மிடியில் கோயிலுக்குப் பின்னால் அவர் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில்தான் டியூப். உலகச் சண்டை நடந்த காலம். புது டியூப் கண்ணில் பார்க்க முடியாது. அவருடைய டியூபில் ரப்பரைவிட ஒட்டுகள் அதிகம்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பேர். எனக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. யாரும் தடை சொல்லவில்லை. அத்தனை பேரும் நல்லவர்கள் என்பதால் இல்லை, அத்தனை பேருக்கும் அசதி.

கட்டளைகளைத் தட்டுத் தடுமாறி முடித்தேன். ஐயர் தலை நிமிரவில்லை.

"ஆசீர்வாதம், கட்டளையில நம்ம கடவுள் எரிச்சலுள்ளவர்னு, பொறாமை உள்ளவர்னு வருதே, அப்படின்னா என்ன?"

எனக்குக் கேள்வி கேட்டால் உடனே ஒரு வேடிக்கை வாயில் வந்து நிற்கும். பதில் அதற்கு அப்புறம் சாவகாசமாக வரும், சில சமயம் வராமலே போய்விடும்.

"பொறாமை கெட்ட குணமாச்சுங்களே ஐயரே. கடவுளுக்கு யாரைப் பாத்துப் பொறாமை? அவருக்கென்ன பக்கத்து வூடா, எதுத்த வூடா?"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். தாம்பாளத்தில் ஒரு குமிழி கிளம்பியது. ஐயர் அந்தக் குமிழியைத்தான் மதித்தார். ஓட்டை இருந்த இடத்தைப் பென்சிலால் சுழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள யோசிச்சு வந்து சொல்லு. வேடிக்கை வேண்டாம். சொன்னாத்தான் மூணாவது ஓலை."

"தெரியலைன்னா என்ன ஐயரே, கல்யாணத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது தெரியாதவனுக்கு எப்படிப் பொண்ணைக் கட்டி வைக்கிறது?" என்று சொல்லிவிட்டு டியூபைத் துடைக்க ஆரம்பித்தார்.

லேபிள் இல்லாத மூட்டை

அப்போது எனக்குப் பொம்மிடி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் வேலை. வேலை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூட்டைக்கு லேபிள் கட்டுவது. புளி மூட்டை, கடலை மூட்டை, சீசனில் மாங்காய்க் கூடை. யார் அனுப்புகிறார், யாருக்குப் போகிறது என்று எழுதிச் சணலில் கோர்த்துக் கட்டவேண்டும்.

லேபிள் அறுந்துபோன மூட்டை எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். ஷெட் மூலையில் கிடக்கும். எல்லாரும் அதன்மேல் உட்காருவார்கள், வெற்றிலை போடுவார்கள், சட்டையைக் கழற்றி மாட்டுவார்கள். எல்லாருக்கும் பழக்கமான மூட்டை. யாருக்கும் சொந்தமில்லை.

நான் அந்த மூட்டை மாதிரிதான் இருந்தேன், ஆனால் அதை ஒரு பெருமையாக வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு. செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் பொங்கல். நோன்பு மாதத்தில் மசூதிக் கஞ்சிக்குப் போகிற முதல் தூக்குப் போசி என்னுடையது. எல்லாச் சாமிக்கும் வேண்டியவன் என்று ஊருக்குள் சொல்லிக்கொள்வேன். சாமிகள் அப்படி நினைத்ததாக எந்த ஆதாரமும் இல்லை.

இப்படிப்பட்டவனுக்கு ஞானம்மாவைக் கொடுக்க அவள் அப்பா ஒப்புக்கொண்டதே ஆச்சரியம். அவர் ரயில் பாதையில் கேங் மேஸ்திரி. தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்தே விரிசலைக் கண்டுபிடிக்கிற மனிதர். என்னை ஏன் தட்டிப் பார்க்கவில்லை என்று தெரியவில்லை. ஞானம்மா தினம் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். ஷெட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் ஏதாவது வேடிக்கை சொல்வேன். சிரிக்கமாட்டாள். நாலடி போன பிறகு தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோளை நம்பித்தான் பெண் கேட்டு ஆள் அனுப்பினேன்.

இரண்டு பேர்

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மா நான் பிறந்த கொஞ்ச காலத்தில் போய்விட்டாள். அக்கா மாதம்மாதான் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இண்டூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போன பிறகுதான் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வேதத்துக்கு வந்தார். சின்னராசுவாகக் கோயிலுக்குள் போனவன் ஆசீர்வாதமாக வெளியே வந்தேன். அக்கா புருஷன் வீட்டுச் சாமியோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியும் அக்கா என் புதுப் பேரை வாயில் எடுத்ததில்லை. சண்டையெல்லாம் போடமாட்டாள். அந்தப் பேரைச் சொல்லி யாராவது என்னைக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு அக்காவை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கல்யாணத்துக்கென்று தைத்த கறுப்புக் கோட்டு முந்தைய நாள்தான் தையல்காரரிடமிருந்து வந்திருந்தது. சித்திரை வெயிலில் எவனாவது கோட்டுப் போடுவானா? நான் போட்டேன். கடைத்தெரு வழியாகப் போனால் தூரம் கொஞ்சம் அதிகம். அந்த வழியாகவே போனேன். பொம்மிடியில் அந்தக் கோட்டைப் பார்க்காத ஆள், கண் தெரியாதவர் மட்டும்தான். அவரிடமும் நின்று தொட்டுப் பார்க்கக் கொடுத்தேன்.

தர்மபுரி போகிற பஸ் கரியில் ஓடியது. பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள். மேடு வந்தால் கண்டக்டர் நம் முகத்தைப் பார்ப்பார், நாம் இறங்கித் தள்ளவேண்டும். கோட்டுப் போட்டவன் என்று என்னை மட்டும் உட்காரச் சொன்னார். அந்த மரியாதையில் மயங்கி, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வேர்வையில் குளித்து இறங்கியபோதும் எனக்கு ராஜா நினைப்புதான்.

அக்கா எழுப்பவில்லை

அக்கா ஊருக்குள் நுழைந்ததுமே நான் யோசித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு கோழிக்குழம்பு வாசனை. வெள்ளிக்கிழமையில் இத்தனை வீட்டில் கோழி ஏன் என்று எவனுக்கும் தோன்றும். எனக்கு அக்கா வீட்டிலும் கோழி இருக்குமா என்பது மட்டும் தோன்றியது.

இருந்தது. களி உருண்டையில் குழிபறித்துக் குழம்பை ஊற்றி வைத்தாள். கோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. உள்ள எங்கடா நீ இருக்கற?"

அவளுக்கு வெற்றிலை பாக்கைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இன்னோர் உருண்டை வைத்தாள். தின்றேன். கோட்டோடு கட்டிலில் சாய்ந்தேன். மாலை பஸ்ஸுக்கு எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

பறைச் சத்தம் கேட்டு விழித்தபோது வாசலில் மஞ்சள் வெயில். எதிரே அக்கா புருஷன் பச்சையப்பன் மாமா புளியங்கொட்டை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் வேப்பிலை வைத்த மஞ்சள் கயிறு.

"எந்திரிச்சிட்டீங்களா மாப்ளே. நல்லாத் தூங்குங்க. இனி ஒரு வாரத்துக்குத் தூங்கலாம்."

"பஸ் போயிடுச்சுங்களா மாமா?"

"பஸ் போனா நாளைக்கு வரும். காப்புக் கட்டியாச்சு."

விஷயம் இதுதான். ஊர் அம்மனுக்கு நோன்பு சாட்டிக் காப்புக் கட்டிவிட்டால், கோயில் முன்னால் நட்ட கம்பத்தைப் பிடுங்கித் திருவிழாவை முடிக்கிற வரைக்கும் அந்த ஊரார் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்து படுத்துவிட வேண்டும். வீடுகளில் கறி ஆக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, மிளகாய் வறுக்கக் கூடாது. அதற்குத்தான் முன்கூட்டியே அத்தனை கோழி.

"மாமா, நான் வேதக்காரன். எனக்கு இது பொருந்தாதுங்களே."

"அதெல்லாம் ஆத்தாவுக்குத் தெரியாதுங்க. காப்புக் கட்டற நேரத்துல எல்லைக்குள்ள எத்தனை மூச்சு இருந்துச்சோ அத்தனையும் அவளுது. சந்தைக்கு வந்த மாடுகூட அடுத்த ஊருக்குப் போவாது."

"என்னையும் மாட்டையும் ஒண்ணாச் சேர்க்கறீங்க."

"சேர்க்கலீங்க. மாடு இவ்வளவு திங்காது."

அக்கா முறத்தோடு உள்ளேயிருந்து வந்தாள். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். அவள் முறத்தைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எழுப்பலாம்னுதான் வந்தேன். வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கற. பாத்தா அப்படியே என் சின்னராசு. வுட்டுட்டேன்."

"தெரிஞ்சே வுட்டுட்டியா?"

"தெரிஞ்சேதான். அந்தச் சாமி உன்னைக் கொண்டுட்டுப் போயி எத்தனை வருசமாச்சு. ஒரு வாரம் எங்க ஆத்தா வெச்சிக்கிட்டா என்னா?"

இருபது சொச்சம் வயது வரைக்கும் என்னை வேண்டும் என்று யாரும் சண்டை போட்டதில்லை. இப்போது பொம்மிடியில் ஒருவர், இண்டூர்ப் பக்கம் ஒருத்தி, ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு என்னைக் கேட்கிறார்கள். அந்த இரண்டு பேருக்கும் என் கூட்ஸ் ஷெட் சம்பளமும், நான் பாடுகிற லட்சணமும் தெரியாதா என்ன?

பூசாரி சொன்ன வழி

மறுநாள் காலையில் பூசாரியிடம் போனோம். ஞாயிறு காலையில் நான் பொம்மிடிக் கோயிலில் இருந்தாக வேண்டும், அன்று காலை பஸ் ஏறினால் ஆராதனை முடிந்துதான் போய்ச் சேர முடியும், அதனால் சனி ராத்திரி அங்கேதான் தங்கவேண்டும், ஓலை தவறினால் ஞானம்மா அப்பா மனசு மாறினாலும் மாறுவார் என்று முறையிட்டேன். போகட்டும் என்று பூசாரி விட்டாலும் ஊர் விடாது. அந்தக் கோடையில் பக்கத்து ஊர்களில் அம்மை போட்டிருந்தது. இந்த ஊரில் ஒரு குழந்தைக்குக் கண்டாலும், மாதம்மா வீட்டு ஆள் காப்பை மீறிப் போனதால்தான் என்று அக்காவின் வாசலில் வந்து நிற்பார்கள். அது எனக்கும் தெரியும்.

பூசாரி வேப்பங்குச்சியால் பல் துலக்கியபடி என்னைச் சுற்றி வந்தார். கோட்டில் கண் நின்றது.

"இது உங்க மேலயே கெடந்ததுங்களா?"

"வேர்வை காயலைங்க இன்னும்."

"அப்ப இது தூங்கட்டும். ஆளு போவணும்னா ஆளு மேல கெடந்த துணி எல்லைக்குள்ள தூங்கணும். பெரியவங்க காலத்துல பட்டாளத்துக்குப் போனவன் தலைப்பாவை அப்படித்தான் வெச்சிட்டுப் போனான்."

கோட்டின் வலது கையில் வேப்பிலையோடு மஞ்சள் கயிறு கட்டினார். அக்கா வீட்டுக் கட்டிலில் கோட்டை மல்லாத்திப் போட்டு, தலைமாட்டில் அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாள். பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "மச்சினன் வந்திருக்காருங்களா" என்று கேட்டார். அந்த ஊரில் என்னை யாரும் அவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை.

பஸ்ஸுக்கு மாமா கூட வந்தார். நடக்கும்போது கேட்டேன்.

"உங்க ஆத்தாவுக்கு ஏன் மாமா இவ்வளவு பொறாமை? ஒரு ராத்திரி வெளிய தங்கினா என்ன?"

மாமா மணிக்கட்டுக் காப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"எங்க போனா எனக்கென்னான்னு இருக்கற சாமிகிட்ட, புள்ளைக்குக் காய்ச்சல்னு எப்படிங்க போயி நிக்கறது?"

பதில் கிடைத்துவிட்டது என்று குதித்தேன். இதையே கொஞ்சம் பாலிஷ் போட்டு ஐயரிடம் சொல்லிவிடலாம். கோட்டு அங்கே, நான் இங்கே, ஓலை நாளைக்கு. இரண்டு பக்கமும் சமாளித்துவிட்டேன் என்று பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். கோட்டு இல்லாததால் மேட்டில் இந்தத் தடவை கண்டக்டர் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

பாதி ஆள்

மத்தியானம் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஞானம்மா அப்பாவின் காலி தூக்குப் போசியோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். சட்டையோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"கோட்டு எங்கீங்க?"

"தூங்குது."

கதை முழுவதையும் சொன்னேன். மாட்டை விட்டுவிடவில்லை. சொம்புத் தண்ணீரை விட்டுவிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தியதை நடித்தே காட்டினேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் ஞானம்மா தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், வேடிக்கை இல்லாம சொல்லுங்க. அந்தக் கோட்டு உங்களுக்குப் பதிலாத் தூங்குதுன்னு நீங்க நம்பலைன்னா, எதுக்கு வெச்சிட்டு வந்தீங்க?"

நான் வாயைத் திறந்தேன்.

"நம்பறீங்கன்னா, இங்க எதுக்கு வந்தீங்க?"

வேடிக்கை ஒன்று வாயில் வந்து நின்றது. அது வெளியே வரவில்லை. வாழ்க்கையில் அப்படி நடந்தது அன்றைக்குத்தான்.

"அக்கா பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் ஞானம். ஓலையும் தவறக் கூடாதுன்னு."

"ரெண்டு பக்கமும் நல்ல பேரு. அங்க பாதி, இங்க பாதி." தூக்குப் போசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "அக்காவுக்காகன்னா அங்கயே இருந்து முடிச்சிட்டு வாங்க. எத்தனை ஞாயித்துக்கிழமை ஆனாலும் சரி. காத்திருக்கச் சொன்னா நான் காத்திருக்கறேன். பங்கு போட்டுக்கச் சொன்னா மாட்டேன்."

"உங்கப்பா?"

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க முழுசா வாங்க. இல்லாட்டி வராதீங்க."

போய்விட்டாள். நாலடி போன பிறகும் பார்த்தேன். தோள் குலுங்கத்தான் செய்தது. அது சிரிப்பில்லை என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

லேபிள் இல்லாத மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். அது வரைக்கும் நான் பொறாமை என்றால் அடுத்தவன் கையில் இருப்பதைப் பார்த்து வயிறு எரிவது என்று மட்டும் நினைத்திருந்தேன். தன் கையில் இருப்பது நழுவுகிறபோது வருகிற எரிச்சலை நான் பார்த்ததில்லை. யார் கையிலும் இருந்து பழக்கமில்லாதவனுக்கு எப்படித் தெரியும்?

கிணற்றடியில் மறுபடியும்

ஐயர் ஒட்டுப் போட்ட டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் பம்பை நிறுத்தினார்.

"ஐயரே, நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்க வேண்டாங்க."

"கேள்விக்குப் பயந்துட்டியா?"

"பதில் இருக்குதுங்க. ஆனா நான் இன்னைக்குச் சாயங்காலம் அக்கா ஊருக்குத் திரும்பிப் போகணும்."

கோட்டு முதல் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை நடித்துக் காட்டவில்லை. மஞ்சள் கயிறு வந்த இடத்தில் அவர் முகம் கறுத்தது. ஞானம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். காத்திருக்கிறேன், பங்கு போட்டுக்கொள்ளமாட்டேன்.

ஐயர் டியூபைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"கடவுளோட பொறாமையும் இதுதான்னு சொல்றியா?"

"எனக்குத் தெரிஞ்சு இதுதாங்க. நம்மகிட்ட இருக்கறதைப் பாத்து ஆசைப்படறது இல்லைங்க. என்னைப் பாத்து யாருக்கு என்ன ஆசை வரும்? இவன் எங்கூட இருக்கணும், இருந்தா முழுசா இருக்கணும்னு நினைக்கறது. அவ்வளவு வேணும்னு நினைச்சாத்தான் எரிச்சல் வரும்போல."

"இது உன் பதில் இல்லையே."

"ஞானத்தோடதுங்க."

"தெரியும். உனக்கு இவ்வளவு வராது." பம்பை எடுத்துச் சுவரில் சாய்த்தார். "ஏன்டா, இந்தப் பதிலைத் தெரிஞ்சுக்கிட்டு, இன்னொரு சாமி நோன்புக்கு நான் உன்னை எப்படிப் போன்னு சொல்றது?"

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு நின்றது கண்ணில் நின்றது.

"அக்கா தனியா மாட்டிக்குவாங்க ஐயரே. பக்கத்து ஊர்லல்லாம் அம்மை போட்டிருக்குது."

ஐயர் கிணற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கும்பிடப் போகாதே. அக்காவுக்குத் துணையாப் போ. அங்க இருக்கறவங்களுக்குத் தண்ணி தூக்கு. திரும்பி வர்றப்ப அங்க எதையும் விட்டுட்டு வராதே, அங்கிருந்து எதையும் ஒட்டிக்கிட்டும் வராதே."

சைக்கிளை எடுத்து, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் என்னைப் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு போனார். ஒட்டு தாங்கியது.

மஞ்சள் கயிறு

அந்த வாரம் அக்கா ஊரில் தாளிக்காத குழம்பும் கூழும் குடித்தேன். நான் திரும்பி வந்ததைப் பார்த்ததும் அக்கா கட்டிலிலிருந்து கோட்டை எடுத்து மடித்து வைத்தாள். "இனி நீயே தூங்கு" என்றாள். அன்றைக்கு எனக்கு வைத்த கூழில் மட்டும் வெங்காயம் அதிகம்.

கோயில் பக்கம் போகாமல் வீடு வீடாகத் தண்ணீர் தூக்கினேன். அம்மை ஊருக்குள் வரவில்லை. அது ஆத்தாவாலா, என் கர்த்தராலா என்று மாமா கேட்டார். தண்ணீர் தூக்கியே தோள் கழன்ற எனக்கு யாருக்குப் பேர் போனாலும் சம்மதம் என்று சொல்ல வாயெடுத்து, ஞானம்மா முகம் நினைவுக்கு வந்ததால், "எங்க கர்த்தரால" என்றேன். மாமா ஆச்சரியமாகப் பார்த்தார். "பரவாயில்லைங்க. உங்களுக்கும் ஒரு பக்கம் கிடைச்சிடுச்சு" என்றார்.

கம்பம் பிடுங்கிய அன்று எல்லாரும் கிணற்றில் காப்பை அவிழ்த்துப் போட்டார்கள். அக்கா என் கோட்டைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்கடுத்த வாரம் கல்யாணம்.

அக்கா வந்திருந்தாள். கோயிலுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கடைசி வரிசையில், புறப்படத் தயாராக இருப்பவள்போல விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று காலையில்தான் துணிச் சுற்றைப் பிரித்து, கோட்டை அவசரத்தில் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். ஐயர் ஜெபித்துத் தாலியை எடுத்துக் கொடுத்தார். ஞானம்மா கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுபோனபோதுதான் பார்த்தேன். கோட்டின் வலது கையில், அவள் மூக்குக்கு நேராக, காய்ந்த வேப்பிலையோடு அந்தக் கயிறு.

அக்கா அவிழ்க்க மறந்தாளா, மறக்கவில்லையா என்று இன்று வரைக்கும் நான் கேட்டதில்லை.

ஐயர் கண்ணை மூடியிருந்தார். அவர் திறந்தால் கல்யாணம் என்னாகும் என்று தெரியாது. ஞானம்மா கண் அந்தக் கயிற்றில் நின்றது. பிறகு என் முகத்துக்கு வந்தது. அப்படி ஒரு நெருக்கத்தில் அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

"முழுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். உதடு அசைந்ததே தெரியவில்லை.

"வந்திருக்கறேன்."

"கையை அப்படியே வைங்க."

நான் அவள் கழுத்தில் முடிச்சுப் போட்டேன். அவள் என் கையில் முடிச்சை அவிழ்த்தாள். நான் போட்டு முடிப்பதற்குள் அவள் அவிழ்த்து முடித்துவிட்டாள். ஐயர் கண்ணைத் திறந்தபோது என் கோட்டின் கையில் ஒன்றுமில்லை.

அறுத்து எறிந்திருக்கலாம். காலடியில் போட்டு மிதித்திருக்கலாம். உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் வெளியே வந்த பிறகு அக்காவிடம் போனாள்.

"அண்ணி, இது உங்க ஊருதுங்க."

அக்கா தன் உள்ளங்கையில் விழுந்த கயிற்றைப் பார்த்தாள். ஞானம்மாவைப் பார்த்தாள். வேப்பிலை நொறுங்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பொல்லாத கண்ணும்மா உனக்கு" என்றாள். பிறகு, "அவன் களி நாலு உருண்டை திம்பான். மூணு வெச்சிட்டுப் போதும்பான். நம்பாத."

"சரிங்க அண்ணி."

"ஆசீர்வாதத்தைப் பாத்துக்க."

அந்தப் பேர் அக்கா வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அத்தனை வருஷம் கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவன் நான். லேபிள் மாற்றிக் கட்டும்போது மூட்டையை யாரும் யோசனை கேட்பதில்லை.